ஊரில் இருக்கிறாள்

திங்கட்கிழமை காலையில் ஓசூரில் யாரும் யாரையும் சாப்பிட்டாயா என்று கேட்பதில்லை. வீக்எண்டுக்கு எங்கே போனாய் என்று கேட்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் இந்தக் கேள்வி முன் இருக்கையிலிருந்து கடைசி இருக்கைவரை போய்வரும். ஒருத்தி ஒகேனக்கல் என்பாள். ஒருத்தி நந்தி மலை என்று சொல்லி, மேகத்துக்கு நடுவே நிற்கும் படத்தைக் காட்டுவாள். மாதத்தில் ஒரு திங்கட்கிழமை நானும் கடற்கரைக்குப் போனேன் என்று சொல்வேன். "சூப்பர்க்கா, மாசாமாசம் பீச்சா" என்று பக்கத்தில் இருக்கும் பெண் பெருமூச்சு விடுவாள். நான் போய்வந்தது என் கணவர் இருக்கும் வீட்டுக்கு என்று சொல்லலாம். சொன்னால், அவர் அங்கே இருக்க நீ ஏன் இங்கே தனியாக இருக்கிறாய் என்று அடுத்து கேட்பார்கள். அந்தப் பெண்ணிடம் சொல்ல முடியாத பதிலை, ஊரில் இருக்கும் உங்களுக்கும் என்னைப் போல ஊரைவிட்டு வந்து கிடப்பவர்களுக்கும் எழுதிவிடலாம் என்று தோன்றியது.

எங்கள் ஊர் தூத்துக்குடிக்கு வடக்கே, கடலை ஒட்டியது. அங்கே ஞாயிற்றுக்கிழமை என்றால் மீன் குழம்பும் மதியத் தூக்கமும். வெளியே போவது என்ற பேச்சே கிடையாது. போகிற வண்டிகளெல்லாம் எங்கள் ஊருக்குத்தான் வரும், கடல் பார்க்க. என் கணவருக்கு இங்கே கார் பாகங்கள் செய்யும் ஆலையில் வேலை கிடைத்ததால் கல்யாணமான கையோடு வந்தோம். ஒரே மாநிலம்தானே, என்ன பெரிய வித்தியாசம் என்றுதான் நினைத்தேன். வந்த முதல் வாரம் பால்காரர் கன்னடத்தில் பேசினார், காய்காரம்மா தெலுங்கில் பேசினாள், வீட்டுக்காரம்மா லட்சுமம்மா இரண்டையும் கலந்து தமிழில் பேசினாள். நான் பேசிய தமிழைக் கேட்டு அவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். காலையில் நீர் தொட்டால் விரல் விறைக்கும் குளிர். நான்கு சுவருக்குள் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்து, அலைச் சத்தம் இல்லாத இந்த இடத்தில் மனுஷர் எப்படித் தூங்குகிறார்கள் என்று அழுதிருக்கிறேன்.

அபி பிறந்தபிறகு எல்லாம் மாறிப்போனது. அபி என்கிற அபிநயா இந்த ஊர்க்காரி. குளிரில் வெறும் காலோடு ஓடுவாள். லட்சுமம்மாவைப் பெத்தம்மா என்று கூப்பிட்டு அவள் மடியில் உட்கார்ந்து தெலுங்கில் கதை பேசுவாள். பால்காரரிடம் கன்னடத்தில் வம்பு இழுப்பாள். என்னிடம் மட்டும் எங்கள் ஊர்ப் பேச்சு. எனக்கும் இந்த ஊருக்கும் நடுவில் அவள்தான் பேசினாள். கடைக்காரர் சொல்வது விளங்காமல் நான் விழித்தால், இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "அம்மா, அவரு நாளைக்கு வரச் சொல்லுதாரு" என்பாள்.

ஞாயிற்றுக்கிழமையை எங்களுக்குக் கற்றுக்கொடுத்தவளும் அவள்தான். பள்ளியில் மற்ற பிள்ளைகள் போன இடமெல்லாம் அவளுக்கும் போக வேண்டும். பைக்கின் டேங்க் மேல் அவள், பின்னால் நான், என் மடியில் புளிச்சோறு. கிருஷ்ணகிரி அணைக்குப் போய்ப் பொரித்த மீன் வாங்கித் தின்றோம். அது என்ன மீன், சகதி நாற்றம் என்று அவர் முகம் சுளிக்க, அபி முள்ளோடு மென்றாள். சந்திரசூடேஸ்வரர் மலைக்கோயிலின் மேலிருந்து ஓசூரைப் பார்த்து எங்கள் வீட்டு மொட்டைமாடியைத் தேடினோம். பாரூர் ஏரிக்கரையில் ஒருமுறை மழை பிடித்துக்கொண்டது. கரும்பு ஏற்றிய டிராக்டர் வண்டிக்கு அடியில் மூன்று பேரும் ஒண்டி உட்கார்ந்தோம். நாங்கள் இந்த மண்ணைச் சுற்றிப் பார்த்த மாதிரி எங்கள் சொந்த மாவட்டத்தைப் பார்த்ததில்லை. சொந்த ஊரை யார் சுற்றிப் பார்க்கிறார்கள்?

ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயம் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கொசுக் காய்ச்சல் என்றார்கள். ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். காய்ச்சல் விட்டது, எழுந்து உட்கார்ந்து பிஸ்கட் கேட்டாள், ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறோம் என்று அப்பாவிடம் கேட்டாள். மறுநாள் கை கால் சில்லிட்டுப் போய்விட்டது. மருத்துவர்கள் ஓடினார்கள், செய்ய வேண்டியதையெல்லாம் செய்தார்கள் என்றுதான் நினைக்கிறேன். வெளியே நின்ற எங்களை உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்திருந்தது. அதைப் பற்றி இதற்குமேல் எழுத எனக்குத் தெம்பில்லை.

மாமனார் போனில் அழுதபடி, பிள்ளையை ஊருக்குக் கொண்டுவந்துவிடச் சொன்னார். அவ்வளவு தூரம் அந்தச் சின்ன உடம்பை வண்டியில் போட்டுக்கொண்டு எப்படிப் போவது? என் கணவர் சுவரில் சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கேட்ட கேள்விக்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினார். அப்போது லட்சுமம்மாவின் வீட்டுக்காரர் முனியப்பா என் முன்னால் வந்து குந்தினார். அதுவரை வாசலில் பார்த்தால் தலையசைப்பதைத் தவிர அவர் என்னிடம் பேசியதில்லை.

"கெலமங்கலம் ரோட்டுல எங்க நெலம் கீதும்மா. எங்க அப்பன், ஆயி எல்லாம் அங்கதான் கீறாங்க. பாப்பாவும் எங்க வீட்டுப் புள்ளதான். அங்கயே வெச்சிக்கலாம்" என்றார்.

ராகி அறுத்த நிலத்தின் மூலையில், ஒரு புங்க மரத்தை ஒட்டி, அவளை வைத்தோம். எங்கள் சாதி என்ன, சனம் என்ன என்று அவர் கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் சொந்தக்காரன்கூட தன் நிலத்தில் பிறர் பிள்ளைக்கு இடம் விடுவானா என்று எனக்குத் தெரியாது.

பிறகு எல்லோரும் ஒரே புத்திமதிதான் சொன்னார்கள். வீட்டுக்குள்ளேயே கிடக்காதீர்கள், எங்கேயாவது வெளியே போய்வாருங்கள். ஊரிலிருந்து போன் செய்தவர்கள் சொன்னார்கள். ஆலை மேனேஜரும் சொன்னார். என் கணவர் அதை மருந்து மாதிரி எடுத்துக்கொண்டார். ஞாயிறு விடிந்ததும் பைக்கைத் துடைத்து வாசலில் நிறுத்துவார். நான் ஏறிக்கொள்வேன். போன இடத்திலெல்லாம் பிள்ளைகள்தான். கோயில் படியில் ஏறமாட்டேன் என்று உட்கார்ந்துகொள்ளும் பிள்ளை, அணைப் பூங்காவில் ஐஸ்கிரீமைக் கீழே போட்டுவிட்டு அழும் பிள்ளை. பிள்ளை இல்லாதவர்கள் போக ஞாயிற்றுக்கிழமையில் ஓர் இடமும் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. நாங்கள் ஒரு மரத்தடியில் உட்கார்ந்து, கொண்டுபோன சோற்றை ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தின்றுவிட்டுத் திரும்புவோம்.

அப்படித்தான் ஒரு ஞாயிறு ராயக்கோட்டைக்குப் போனோம். கோட்டை மலையில் ஏறி, உச்சிக்குக் கொஞ்சம் கீழே ஒரு பாறையில் மூச்சு வாங்க உட்கார்ந்தேன். பெங்களூரிலிருந்து வந்த ஒரு குடும்பம் பக்கத்தில் இருந்தது. அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான் இருக்கும். முறுக்கு கொடுத்தாள். வாங்கிக்கொண்டேன். கன்னடத்தில் எங்கிருந்து வருகிறீர்கள் என்று கேட்டாள். ஓசூர் என்றேன். பிறகு, "எஷ்டு மக்களு?" என்றாள். எத்தனை பிள்ளைகள் என்று கேட்கிறாள்.

"ஒப்பளு" என்றேன். ஒருத்தி.

"எல்லி?" என்று சிரித்தபடி சுற்றிலும் பார்த்தாள். எங்கே அவள்?

என்னிடம் இருந்த கன்னடம் கொஞ்சம். அதுவும் அபி பேசக் கேட்டுக் கேட்டுக் காதில் தங்கியது. அதில் சாவுக்கு வார்த்தை இல்லை. "ஊரல்லி" என்றேன். ஊரில் இருக்கிறாள்.

அவளுக்கு அது சுலபமாகப் புரிந்துவிட்டது. பாட்டி தாத்தாவிடம் விட்டுவிட்டு வந்திருக்கிறோம் என்று எடுத்துக்கொண்டாள். பாவம், குழந்தைக்கும் ஆசை இருக்காதா, அடுத்த முறை கட்டாயம் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று செல்லமாகக் கண்டித்தாள். அவளுக்கு என்று சொல்லி இன்னும் இரண்டு முறுக்கைக் காகிதத்தில் சுற்றி என் கையில் வைத்தாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவர் இரண்டடி தள்ளி நின்று எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். மலையிலிருந்து இறங்கினோம். பைக்கில் கொஞ்ச தூரம் வந்தபிறகு, தக்காளித் தோட்டம் ஒன்றின் ஓரமாக வண்டியை நிறுத்தினார்.

"ஏன் அப்பிடிச் சொன்ன?"

"எனக்கு வேற வார்த்த தெரியல."

அவர் வண்டியின் கைப்பிடியில் நெற்றியை வைத்துக்கொண்டு அழுதார். ஆஸ்பத்திரியில் அழாதவர், மண் தள்ளும்போது அழாதவர், லாரிகள் போய்க்கொண்டிருக்கும் சாலையில் நின்று அழுதார். அதன்பிறகு நாங்கள் இருவரும் சேர்ந்து எங்கும் போகவில்லை.

சில மாதங்களில் எங்கள் ஊர்ப் பக்கமே ஒரு புதிய ஆலை வந்தது. அனுபவம் உள்ளவர்களைத் தேடினார்கள், அவருக்கு வேலை கிடைத்தது. எத்தனையோ வருஷம் நான் சாமியிடம் கேட்ட வரம் அது. அவர் பெட்டி கட்ட ஆரம்பித்தபோது நான் அடுப்படியில் நின்றுகொண்டிருந்தேன்.

"வா செல்வி, நம்ம ஊருக்கே போயிருவோம். இங்க நமக்கு என்ன இருக்கு?" என்றார்.

"இங்க அபி இருக்காள்லா" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. அந்த வீட்டில், அந்தத் தெருவில், அவள் பள்ளிக்கூட வண்டி வரும் நேரத்தில் தன்னால் மூச்சுவிட முடியவில்லை என்று மெதுவாகச் சொன்னார். எனக்கோ அவளை விட்டுவிட்டு ஒரு பஸ்ஸில் ஏறிப் போவதை நினைத்தாலே மூச்சு நின்றது. யார் சொல்வது சரி என்று தீர்ப்புச் சொல்ல யாரும் இல்லை. அவர் போனார். நான் அதே வீட்டில் இருந்துகொண்டு, லட்சுமம்மா விசாரித்துச் சொன்ன கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன்.

கடற்கரைக்குப் போகாத ஞாயிற்றுக்கிழமைகளில் கெலமங்கலம் ரோட்டில் இறங்கி நடக்கிறேன். புங்க மரம் நன்றாகத் தழைத்திருக்கிறது. அடுத்த நிலத்தை யாரோ வாங்கி, பெங்களூர்க்காரர்கள் வார இறுதிக்கு வந்து தங்க ஓட்டு வீடுகளும் நீச்சல் குளமும் கட்டியிருக்கிறார்கள். நான் களை பிடுங்கும்போது வேலிக்கு அந்தப் பக்கம் பாட்டும், தண்ணீரில் குதிக்கும் பிள்ளைகளின் கூச்சலும் கேட்கும். முனியப்பாவின் நிலத்தையும் கேட்டு ஆள் வந்ததாம். நான் இருக்கிறவரைக்கும் கொடுக்கமாட்டேன் என்றார். அவருக்கு வயதாகிவிட்டது. மகன்கள் பெங்களூரில் இருக்கிறார்கள். நான் அதற்குமேல் கேட்கவில்லை.

மாதத்தில் ஒருமுறை கடற்கரைக்குப் போகிறேன். என் கணவர் பஸ் நிலையத்துக்கு வந்து பையை வாங்கிக்கொள்வார். மாமியார் ஒரு விருந்தாளிக்குச் செய்வதுபோல எனக்கு நல்ல மீனாகப் பார்த்துப் பொரித்துக் கொடுப்பார். அபியின் பெயரை அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை, என் மனம் நோகும் என்று. அந்தப் பெயரைக் கேட்காமல் நான் அங்கே இரண்டு நாள் இருப்பேன்.

போன முறை, ஞாயிறு மதியம், சாப்பாட்டுக்குப் பிறகு பாயை விரித்துப் படுத்தேன். சாயங்காலம் பஸ். ஜன்னல் வழியே அலைச் சத்தம் வந்துகொண்டிருந்தது. முன்பு இது இல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. கண்ணை மூடும்போது மாமியார் அந்தப் பக்கம் வந்தார்.

"வடக்க தல வச்சிப் படுக்கக் கூடாதுளா. திரும்பிப் படு" என்றார்.

ஓசூர் அந்தத் திசையில் இருக்கிறது. நான் தெரிந்து அப்படிப் படுக்கவில்லை. எழுந்து தலையணையை எடுத்துத் தெற்கே போட்டேன். படுத்துக் காலை நீட்டியபோது, பாதம் இரண்டும் அபி கிடக்கும் பக்கமாக நீண்டது. சட்டென்று மடக்கிக்கொண்டேன். தலை வைக்கவும் கூடாது, காலை நீட்டவும் மனம் வரவில்லை. பாயின் நடுவில் முழங்காலைக் கட்டிக்கொண்டு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் வந்து கூப்பிடும்வரை உட்கார்ந்திருந்தேன்.