பால்கனி முட்டு

உசேன் விபத்தில் இறந்த பிறகு அவருடைய சென்ட்ரிங் கடையைக் கரீமா மூடிவிடுவாள் என்றுதான் சொந்தக்காரர்கள் நினைத்தார்கள். அவள் மூடவில்லை. கான்கிரீட் இறுகும்வரை தளத்தைத் தாங்கி நிற்கும் தகடுகளையும், முட்டுக் கொடுக்கும் ஜாக்கிகளையும் வாடகைக்கு விடும் தொழில் அது. பாயம்மா கடை என்றால் சொன்ன வேளைக்குச் சாமான் வந்து இறங்கும் என்று புதுச்சேரி மேஸ்திரிகளிடம் அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயரைக் காப்பாற்றப் போய்த்தான் அவள் அந்தத் தப்பைச் செய்தாள்.

அரியாங்குப்பத்தில் வெரோனிகா என்ற நர்ஸ் வீடு கட்டிக்கொண்டிருந்தாள். மேஸ்திரி ஆதிமூலம், உசேன் காலத்திலிருந்தே கடைக்கு வருகிறவர். தளம் போட்டு இரண்டு வாரம் ஆனதும் போனில் சொன்னார்: "உள்ள இருக்கிறத பிரிச்சிக்கம்மா. பால்கனி முட்ட மட்டும் தொடாதீங்க. வெளிய நீட்டிக்கினு நிக்கிது, இன்னும் நாளாவணும்."

"சரிண்ணே" என்றாள்.

அன்றைக்கே மெயின் ரோட்டில் கடைகள் கட்டும் காண்டிராக்டர் அவசரப்படுத்தினார். காலையில் கான்கிரீட் வண்டி வந்துவிடும், ஜாக்கி குறைகிறது, இல்லையென்றால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கரீமா தன் தம்பி ஷஃபீக்கை அனுப்பினாள்.

"பால்கனியில இருக்கிறதையும் எடுத்துட்டு வா. ஒண்ணும் ஆவாது."

ஆனது. பால்கனி முன்பக்கம் தொய்ந்தது. சுவரை ஒட்டி மேலே நீளமாக விரிசல் விட்டது. ஆதிமூலம் பதறிப்போய்ப் போனில் கூப்பிட்டார்.

"யாரும்மா முட்ட எடுத்தது?"

கரீமாவே எதிர்பாராத மாதிரி, வார்த்தை சுத்தமாக வந்தது. "நீங்கதானே எல்லாத்தையும் பிரிச்சிக்கச் சொன்னீங்க?"

"நானா சொன்னேன்?" என்றார் ஆதிமூலம். அப்புறம், "சொல்லியிருப்பேன் போல" என்று வைத்துவிட்டார்.

அவர் சண்டை போட்டிருந்தால் அவளும் போட்டிருப்பாள். அவர் நம்பிவிட்டதுதான் அவளைத் தின்றது. தொழுகையில் உட்கார்ந்தால் "நானா சொன்னேன்?" என்ற குரல்தான் காதில் விழுந்தது. அந்தப் பேச்சைப் பக்கத்தில் நின்று கேட்டிருந்த ஷஃபீக் அவளிடம் முகம் கொடுத்துப் பேசுவதை நிறுத்திவிட்டான்.

ஒரு நாள் சாமான் இறக்கிவிட்டு வந்த அவன் சொன்னான்: "மேஸ்திரி தன் தப்புன்னு ஒத்துக்கிட்டாராம்க்கா. கூலி வாங்காம அவரே பால்கனிய உடைக்கிறாரு."

கரீமா அப்போதே ஆட்டோ பிடித்தாள்.

ஆதிமூலம் சாரத்தில் நின்று சம்மட்டியால் பால்கனியை உடைத்துக்கொண்டிருந்தார். தலை, மீசையெல்லாம் சிமெண்டுத் தூள். கீழே வெரோனிகா நின்றிருந்தாள்.

"அண்ணே, கீழ வாங்க" என்றாள் கரீமா. அவர் இறங்கி வரும்வரை நின்றால் தைரியம் போய்விடும் என்று பயந்து, அவர் பாதி இறங்கும்போதே சொல்லிவிட்டாள். "நீங்க தொடாதீங்கன்னுதான் சொன்னீங்க. நான்தான் எடுக்கச் சொன்னேன். உங்க மேல பொய் சொன்னேன்."

வெரோனிகா முதலில் பேசினாள். "உடைச்சிட்டு மறுபடி போட்டுக்கலாம் பாயம்மா. இவர நான் நிக்க வெச்சி என்னல்லாம் கேட்டேன் தெரியுமா? அத எப்படித் திருப்பி எடுக்கிறது?"

ஆதிமூலம் செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்தார். கோபமே இல்லாத குரலில் சொன்னார்: "எங்கப்பாவுக்குக் கடைசியில பெத்த புள்ளையே அடையாளம் தெரியல. எனக்கும் அது ஆரம்பிச்சிடுச்சின்னு நெனச்சேம்மா. பெரியாஸ்பத்திரிக்குப் போயி தலைய ஸ்கேன் எடுத்தேன். சம்சாரத்துகிட்ட கூட சொல்லல."

கரீமா வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு நின்றாள்.

புதுப் பால்கனிக்கான செலவெல்லாம் அவளுடையது. முட்டுகளைப் பிரிக்கலாம் என்று இன்ஜினியர் சொன்ன பிறகும் அவளுக்கு மனம் வரவில்லை. மற்ற வேலைகளுக்கு வேறு கடையில் ஜாக்கி இரவல் வாங்கிச் சமாளித்து, அந்த ஜாக்கிகளை இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே விட்டுவைத்தாள். பாதிரியார் வந்து புது வீட்டை மந்திரிக்கும் நாளுக்கு வெரோனிகா கூப்பிட்டாள். கரீமா போய், வாசலிலேயே இனிப்பைக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள்.

ஆதிமூலம் பல மாதம் கடைப்பக்கம் வரவில்லை. மழைக்காலம் முடிந்து ஒரு நாள் வந்தார். தகடுகளைத் தட்டிப் பார்த்து எடுத்து வைத்தார். "டீ சொல்லட்டுமாண்ணே?" என்று கேட்டாள். "ஆவட்டும்மா" என்று வாங்கிக் குடித்தார். கிளம்பும்போது, எதை எப்போது பிரிக்க வேண்டும் என்பதை நிறுத்தி நிதானமாகச் சொன்னார். அவளிடம் இல்லை, ஷஃபீக்கிடம்.