அண்ணன் இரண்டு முறை பூட்டிய இன்ஜின்

இந்த நினைவு மலரின் அட்டையில் வெள்ளைச் சட்டையோடு இருப்பவர் எங்கள் அண்ணன்தான். சந்தேகமே வேண்டாம். கிரீஸ் கறை இல்லாமல் அவரைப் பார்த்துப் பழகாத சொந்தங்கள் "இதாருங்க இது?" என்று கேட்டுவிடுவார்களோ என்றுதான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அண்ணியார் பெட்டி பெட்டியாகத் தேடி எடுத்த ஒரே கறையில்லாப் படம் இது. அண்ணன் நம்மை விட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிற இந்த நாளில், அவரோடு பிறந்தவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். எழுதிப் பழக்கமில்லை. கோர்வை தப்பினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் கொல்லிமலை அரியூர் நாட்டில், பள்ளத்து வயலை ஒட்டிய எங்கள் வீட்டில் பிறந்தார். அப்பா மேட்டில் சாமையும் மரவள்ளியும், பள்ளத்தில் நெல்லும் போட்டவர். அண்ணனுக்கு மண் வேலை தெரியாமல் இல்லை. மனசுதான் அதில் நிற்கவில்லை. ஏர் ஓட்டும்போதே, தூரத்தில் ரோட்டில் ஏறுகிற லாரியின் சத்தத்தைக் கேட்டு, எத்தனையாவது கியரில் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். மாடு பாட்டுக்கு நின்றுவிடும். அப்பா திட்டித் தீர்த்து, கடைசியில் அவரே நாமக்கல்லில் ஒரு லாரிப் பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அங்கே அண்ணன் பட்ட பாடு கொஞ்சமல்ல. லாரிக்கு அடியிலேயே படுத்து உறங்கினார். கையில் சுடாத இடம் கிடையாது. ஆனால் பட்டறையைப் பற்றி ஒரு நாளும் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை.

பல ஆண்டுகள் கழித்து மலைக்குத் திரும்பியபோது அண்ணன் ஒரு பழைய டீசல் ஜீப்பையும் கூட இழுத்துக்கொண்டு வந்தார். ஏதோ எஸ்டேட்டில் கோழி முட்டையிட்டுக் கிடந்த வண்டி. இன்னொரு வண்டியில் கயிறு கட்டி, எழுபது கொண்டை ஊசி வளைவும் இழுத்து வந்ததை எங்கள் மாமா இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார். அதே ஆண்டுதான் என் கணவர் காலமானார். எங்களுக்குக் குழந்தை இல்லை. அண்ணன் என் மாமியார் வீட்டு வாசலில் வந்து நின்று, "ஊட்டுக்கு வா அம்மிணி" என்று மட்டும் சொன்னார். நான் வந்துவிட்டேன். அண்ணியார் எனக்கென்று ஒரு அறையை ஒழித்து வைத்திருந்தார்கள்.

எங்கள் ஊரிலிருந்து தார்ரோட்டுக்குப் போகும் தடம் உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் நோயாளியைக் கட்டிலோடு தூக்கித்தான் போக வேண்டும். பத்துப் பேரை ஏற்றிக்கொண்டு மூச்சு வாங்காமல் அந்தத் தடத்தில் ஏற ஒரு வண்டி வேண்டும் என்பது அண்ணனின் ஆசை. அதற்கு அந்தப் பழைய இன்ஜினை முழுக்கப் பிரித்து, தேய்ந்ததையெல்லாம் மாற்றி, கூடுதல் காற்றை உள்ளே தள்ளி இழுவையைக் கூட்டுகிற டர்போ ஒன்றையும் ஏற்ற வேண்டும் என்றார். "ஏன் மாப்பிள்ள, ஜீப்பு பறக்கப் போகுதா?" என்று மாமா கேட்டார். "பறக்க வேண்டாமுங்க மாமா, ஏறுனாப் போதும்" என்றார் அண்ணன்.

வீட்டுக்குப் பின்னால் உள்ள பலாமரத்துக் கிளையில் சங்கிலி போட்டு இன்ஜினைத் தூக்கினார். அந்த நாட்களை நினைத்தால் நிஜமாக நடந்ததா, கனவில் கண்டதா என்று எனக்கே குழப்பமாக இருக்கிறது. காலையில் கதவைத் திறந்தால் மரம் தெரியாது, சங்கிலி தெரியாது, மலையே தெரியாது. பனிமூட்டத்துக்குள் அந்தக் கறுத்த இரும்பு மட்டும் அந்தரத்தில் நிற்கும். அதன் மேல் பனித்துளி கோத்திருக்கும். அண்ணன் கையில் டீயோடு அதையே பார்த்தபடி நிற்பார். கூப்பிட்டால் காதில் விழாது. பேசுகிறாரா என்று கிட்டப் போய்ப் பார்த்தால் பேசவும் மாட்டார். டீ ஆறிப்போயிருக்கும். "இந்த மனுசன் என்னைய ஒரு நாளாச்சும் இப்படிப் பாத்திருக்காரா?" என்று அண்ணியார் என்னிடம் முறையிடுவார்கள். மூன்று பேரும் சிரிப்போம். கணவரை இழந்த பிறகு நான் முதலில் சிரித்தது அந்த மரத்தடியில்தான்.

இனி நான் எழுதப்போவது அண்ணியாருக்கும் போன வாரம்தான் தெரியும்.

இன்ஜினுக்குள் கிராங்க் என்று ஒரு தண்டு சுற்றும். அதை அடியிலிருந்து பிடித்துக்கொள்ள ஐந்து இரும்பு மூடிகள் உண்டு. பார்க்க ஐந்தும் ஒன்றுபோலவே இருக்கும். ஆனால் எது எந்த இடத்தில் இருந்ததோ அதே இடத்தில்தான் திரும்பப் பூட்ட வேண்டும். மாற்றிப் பூட்டினால் தண்டைக் கடித்துவிடும். அண்ணன் அவற்றைக் கழுவி, களத்துச் சிமெண்டில் வரிசையாகக் காயவைத்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் சாக்பீஸால் ஒன்று முதல் ஐந்து வரை எழுதிவிட்டு, சாமான் வாங்கக் கீழே போயிருந்தார். அண்ணியார் காட்டில் இருந்தார்கள். பக்கத்திலேயே நம் வீட்டு மிளகு காய்ந்துகொண்டிருந்தது. சடசடவென்று மழை பிடித்தது.

மழை வந்தால் மலைக்காரிக்குக் கை சும்மா இருக்குமா? ஓடினேன். மிளகைக் கூட்டி அள்ளினேன். அதே வேகத்தில் இரும்பையும் கூடையில் வாரிப் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டேன். துருப்பிடிக்காமல் காப்பாற்றிவிட்டோம் என்று பெருமை வேறு. மழை விட்ட பிறகு வெளியே வந்து பார்த்தால், களத்தில் எண்கள் கரைந்து போயிருந்தன. கூடைக்குள் ஐந்தும் ஒன்றாகக் கிடந்தன. அப்போதுதான் ஐயோ என்றிருந்தது.

அப்போதாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. வந்து சில மாதம்கூட ஆகாத வீடு. சும்மா இருந்த சாமானைக் கெடுத்தவள் என்று பேர் வாங்கப் பயந்தேன். நன்றாகத் துடைத்து, மறுபடி வரிசையாக வைத்து, நானே சாக்பீஸ் எடுத்து எண் போட்டேன். அதுதான் பாவம். அள்ளியது தப்பில்லை, எழுதியதுதான் தப்பு.

அண்ணன் அந்த எண்களை நம்பிப் பூட்டினார். கையால் சுற்றிப் பார்த்தபோது கொஞ்சம் இறுக்கம் இருந்ததாம். புது உருப்படி அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டார். ஆடி மாதத்தில், முதல் ஓட்டமாகச் சொந்தங்களை ஏற்றிக்கொண்டு கோயிலுக்குப் புறப்பட்டார். நானும் தட்டில் கற்பூரத்தோடு வாசலுக்கு வந்தேன். மாமா வீட்டு அத்தை என் தோளைத் தொட்டு, "நீ கொஞ்சம் பொறவு வா கண்ணு. மொதல்ல வண்டி கெளம்பட்டும்" என்றார். கெட்ட மனசோடு சொல்லவில்லை. ஊர் வழக்கத்தைச் சொன்னார். நான் தட்டை அண்ணியாரிடம் கொடுத்துவிட்டு மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய் நின்றேன். வண்டி டர்போவின் மெல்லிய விசிலோடு பனிக்குள் போனது. இரண்டாவது மேட்டில் இன்ஜின் தட்டியது, புகைந்தது, இறுகி நின்றது. பத்துப் பேரும் நடந்தே திரும்பினார்கள்.

மூன்று நாளில் அண்ணன் இன்ஜினைப் பிரித்தார். மூடிகளில் இருந்த பழைய தேய்மானக் கோடுகள் அவை உட்கார்ந்திருந்த இடங்களோடு பொருந்தாததைப் பார்த்திருக்கிறார். அன்று பார்க்க வந்த மாமாவும் அத்தையும் மரத்தடியில் நின்றார்கள். "யாரு கை பட்டுச்சோ, என்னமோ" என்று அத்தை சொன்னார். யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோரும் பார்க்காமல் இருந்ததே எனக்குப் போதுமாக இருந்தது.

அண்ணன் நிமிராமலே சொன்னார்: "என்ற கைதானுங்க அத்த. மூடிய நாந்தான் மாத்திப் பூட்டிட்டேன்."

நான் அங்கேதான் நின்றேன். வாய் திறக்கவில்லை.

அந்த ஒரு சொல் அவரை என்ன செய்தது என்பது உங்களுக்குத் தெரியும், ஏனென்றால் நீங்கள் எல்லோரும் அதில் இருந்தீர்கள். மூடியை மாற்றிப் பூட்டிய மெக்கானிக் என்று மலையில் பைல் நாடு வரைக்கும் பேச்சு போனது. அவரிடம் பழுதுபார்க்க வண்டி விட்டுக்கொண்டிருந்த ஓட்டுநர்கள் கீழே பட்டறைக்குப் போனார்கள். அண்ணன் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு மரவள்ளிக் காட்டுக்குப் போனார். ஏறக்குறைய ஓராண்டு காலம் பகலில் காடு, மாலையில் அந்தப் பலாமரம். கேலி பேசியவர்களோடு சேர்ந்து அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அடுப்படிக்குள் போய்விடுவேன்.

இரண்டாம் முறை பூட்டும்போது ஒரு நாள் காலையில், "அம்மிணி, இங்க வா" என்று கூப்பிட்டார். லேத்தில் ஒவ்வோர் இடத்துக்கும் பொருத்தி எடுத்து வந்த ஐந்து மூடிகளும் பலகையில் இருந்தன. என் கையில் ஒரு உளியையும் சுத்தியலையும் கொடுத்தார். "இதுல ஒரு புள்ளி குத்து. அடுத்ததுல ரெண்டு. இப்புடியே அஞ்சு வரைக்கும். மழ பேஞ்சாலும் அழியக் கூடாது" என்றார். உளியை மூடியின் மேல் வைத்தேன், அடிக்காமல் எடுத்துவிட்டேன். "பயப்படாத சாமி, இரும்புதான், அழுவாது" என்றார். நான் குத்தினேன். வண்டி தயாரானதும் வாசலில் யார் யார் நிற்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல், முன் சீட்டுக் கதவைத் திறந்து என்னை உட்காரவைத்தார். அத்தை ஏதோ சொல்ல வாயெடுத்தார். அண்ணன் ஹாரனை அடித்தார். பனிக்குள் போனோம். முதல் மேடு, இரண்டாவது மேடு, தார்ரோடு. எனக்கு ஒன்றும் கண்ணில் தெரியவில்லை, விசில் மட்டும் கேட்டது. அழுதுகொண்டே இருந்தேன்.

அதன் பிறகு அந்த ஜீப் ஓடிய ஓட்டம் எல்லோரும் அறிந்ததே. அதிலேயே பிறந்த பிள்ளைகள் இரண்டு பேர் நம் ஊரில் இருக்கிறார்கள். ஓட்டுநர்களும் ஒவ்வொருவராகத் திரும்பி வந்தார்கள். ஆனால் அந்தப் பழைய கதை மட்டும் போகவே இல்லை. கல்யாணமோ காதுகுத்தோ, அண்ணன் வந்து உட்கார்ந்தால் யாராவது ஒருவர் எடுத்துவிடுவார்.

போன ஆண்டு மூச்சு முட்டி, கீழே மருத்துவமனையில் கிடந்தார். கடைசி வாரம், ஒரு மத்தியானம், அண்ணியார் சாப்பிடப் போயிருந்தபோது நான் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், சாக்பீஸ் உட்பட.

"தெரியும் அம்மிணி" என்றார். "மழ வந்தா களத்துல கெடக்கறத அள்ளத்தான வேணும்."

"அப்பறம் ஏண்ணா உங்க மேல போட்டுக்கிட்டீங்க?"

மூச்சு வாங்கி வாங்கிச் சொன்னார். "நீன்னு தெரிஞ்சா உன்ற தப்பப் பேச மாட்டாங்க கண்ணு, உன்ற தாலியப் பேசுவாங்க. என்ற கையப் பேசுனா என்ன, அது எப்பவும் அழுக்குதான். நான் இருக்கற வரைக்கும் யாருகிட்டயும் சொல்லாத."

சரி என்றேன். ஐந்தாம் நாள் போய்விட்டார். அவர் இருந்தவரை சொல்லவில்லை.

அண்ணனைக் கடைசி வரை பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், அவரை அவருடைய ஜீப்பிலேயே மெதுவாக ஊருக்கு ஏற்றி வந்த ஓட்டுநர் நண்பர்களுக்கும், இரண்டாம் முறை தண்டைக் கடைந்து கொடுத்த லேத் பட்டறைக்காரருக்கும், காரியம் முடியும்வரை அடுப்படியில் நின்ற அத்தைக்கும், மாமாவுக்கும், வந்திருந்து துக்கத்தில் பங்குகொண்ட எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. அத்தை மேல் எனக்கு வருத்தம் இல்லை. இதைப் படித்துவிட்டு அவர் என்னைப் பார்க்க வந்தால் காபி போட்டுத் தருவேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். மூடியை மாற்றிப் பூட்டிய கதையை இனிமேலும் சொல்லுங்கள், நன்றாகச் சொல்லிச் சிரியுங்கள். ஆனால் அண்ணன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போட்டுச் சொல்லுங்கள்.

தங்கை,
பொன்னாயி