சித்தப்பாவின் கறுப்புச் சுவர்

கொட்டாஞ்சேனையில், துறைமுகத்துக்கு இறங்கும் ரோட்டில், என் சித்தப்பா ஒரு கலியாண மண்டபம் நடத்தினார். அதற்கு முன் அது காரீயக் கிட்டங்கி. சுரங்கங்களிலிருந்து ரயிலில் வந்த காரீயத்தை, பென்சிலுக்குள் இருக்கிற அந்தக் கறுப்புப் பொடியை, சலித்து, பீப்பாயில் அடைத்து, கப்பலுக்கு அனுப்பிய இடம். காரீயம் போய் எவ்வளவோ காலமாகியும் சுவர் அதை விடவில்லை. எத்தனை பூச்சுப் பூசினாலும் ஒரு மழைக்காலம் தாங்காது. வெள்ளைக்குள்ளிருந்து கறுப்பு மினுமினுவென்று எட்டிப் பார்க்கும், தொட்டால் ஒட்டும்.

வெள்ளை உடுப்பில் மணப்பெண் வருகிற மண்டபத்தில் இது சின்ன வில்லங்கமா? சித்தப்பா சுவர் நீளத்துக்கு ரோஸ் நிறத் திரை தொங்கவிட்டார். மாப்பிள்ளையின் கூட்டாளிகள் யாராவது அதில் சாயப் போனால், "தம்பி, சாப்பாடு போட்டாச்சு, வாங்க" என்று கையைப் பிடித்து இழுத்துப் போவார். குசினியில் அப்போதுதான் அரிசி கழுவிக்கொண்டிருப்பார்கள்.

பிறகு எல்லாரும் ஹோட்டல்களுக்குப் போகத் தொடங்க, மண்டபத்தை மூடினார். போன வருஷம் யாரோ அதை எடுத்து கஃபே ஆக்கினார்கள்.

"சும்மா அந்தப் பக்கம் போவமா மகள்?" என்று என்னைக் கேட்டார் சித்தப்பா.

உள்ளே நுழைந்தவர் அப்படியே நின்றுவிட்டார். திரையும் இல்லை, பூச்சும் இல்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து, கறுப்புச் சுவரின் மேல் விளக்குப் போட்டிருந்தார்கள். அதன் முன்னால் மூன்று பிள்ளைகள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"இதை மறைக்க நான் பட்ட பாடு மாதாவுக்குத்தான் தெரியும். இவங்க லைட் போட்டுக் காட்டுறாங்க!"

வெள்ளைச் சட்டை போட்ட இளம் மனேஜர் ஓடி வந்தான். "அங்கிள், சுவரைத் தொடாதீங்க. ஹெரிட்டேஜ்."

"அப்படியா?" என்று பவ்வியமாகக் கேட்டார் சித்தப்பா. அதற்குள் உள்ளங்கையைச் சுவரில் நன்றாகத் தேய்த்திருந்தார். அந்தக் கையால் மனேஜரின் முதுகில் தட்டிக்கொடுத்தார். "நல்லாச் செய்திருக்கிறீங்க தம்பி."

வெள்ளைச் சட்டையில் ஐந்து விரலும் கறுப்பாக, பிசகாமல் விழுந்தன. அந்த முதுகோடு அவன் மேசை மேசையாகப் போய், "எல்லாம் ஓகேயா?" என்று விசாரித்தான். எனக்கு வாயில் கேக். சிரிக்கவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. சித்தப்பா பூசையில் இருப்பவர் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு இஞ்சித் தேத்தண்ணி குடித்தார்.

கடைசியில் பரிமாறுகிற பிள்ளை அவனுக்குச் சொல்லிவிட்டாள். நேரே எங்களிடம் வந்தான்.

"அங்கிள், கையைக் காட்டுங்க."

சித்தப்பா காட்டினார். அவன் உதட்டைக் கடித்துப் பார்த்தான். அடக்க முடியாமல் சிரித்துவிட்டான். "முந்தி இங்க வேலை செய்தனீங்களா?"

"வேலையா? நான்தான் தம்பி இதுக்கு முதலாளி!"

அவன் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

இப்போது சனிக்கிழமை பின்னேரங்களில் சித்தப்பா அங்கேதான். வருகிற வெள்ளைக்காரருக்கு அவர் கதை சொல்ல, மனேஜர் தேத்தண்ணி கொடுக்கிறான்.

"வீட்டில ஓம், இல்லை ரெண்டும்தான் வாயில வரும். அங்க போய் அப்படி என்ன கதைக்கிறார்?" என்று சித்தி என்னைக் குடைகிறார்.

சித்தியை அங்கே கூட்டிவரக் கூடாது என்று எனக்குச் சித்தப்பாவின் கண்டிப்பான உத்தரவு. சித்தப்பா அங்கே சொல்லும் கதைகள் சிலவற்றில் அவர் இன்னும் கலியாணம் கட்டவில்லை.