சின்னராசு கீறிய கட்டி

கத்தி வைப்பதற்கு முன் சின்னராசு குனிந்து, பிள்ளையிடம் உத்தரவு கேட்பார். "ஏனுங்க சாமி, ஒரு கொசுக்கடி. பொறுத்துக்குங்க." பல் முளைக்காதவர்களுக்குத்தான் இந்த மரியாதை. பெரியவர்கள் முனகினால், "வாய மூடிக்கிட்டுக் குந்து" என்பதோடு சரி.

மலைமேலிருந்த வாழவந்தி நாட்டில் கட்டி கீற அவரை விட்டால் ஆள் இல்லை. கத்தியைத் தணலில் காய்ச்சி, ஐம்பது எண்ணும்வரை ஆறவிடுவார். நடுவில் யாராவது பேச்சுக் கொடுத்து எண்ணிக்கை தவறினால், மறுபடியும் காய்ச்சுவார்.

கண்ணாயியின் ஆறு மாதப் பிள்ளைக்குத் தொடையில் கட்டி. ஒரே கீறல், சீழ் இறங்கியது. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துக் கட்டினார். ஒன்பது நாளாகியும் வீக்கம் வற்றவில்லை.

"இன்னும் நாலு நாளு பாப்பேனுங்க மாமா. வத்துலீன்னா மலையெறங்கி ஆசுபத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருவேன்" என்றாள் கண்ணாயி. காட்டுவழியில் ஒரு பகல் நடை. அடிவாரத்துக் காய்ச்சல் பெரியவர்களையே படுக்கப்போட்ட காலம். சின்னராசுவுக்கு அன்று களி இறங்கவில்லை.

மறுநாள் விடிந்ததும் தூளிக்குப் பக்கத்தில் போய்க் குந்திக்கொண்டார். வீக்கம் வற்றாத காரணம் தெரியாமல் எழுவதில்லை என்று முடிவு.

முதலில் பக்கத்து வீட்டு மாதம்மாள் வந்தாள். துணியை அவிழ்த்துப் பெருவிரலால் ஓர் அமுக்கு. "நெல்லிக்கா கணக்கா இருக்குது."

அடுத்து எதிர்வீட்டு ராசப்பன், மிளகு பறித்த கையோடு. ஓர் அமுக்கு. "நெல்லிக்காயா? பலாக்கொட்டைங்கறேன்!"

சந்தேகம் தீர ஆளுக்கு இன்னோர் அமுக்கு.

"பழுத்துச்சான்னு பாக்க இதென்ன கொய்யாக்காயா?" என்று சீறி எழுந்தார் சின்னராசு. "இனிமே எவனாச்சும் வெரல வெச்சா, அந்த வெரலைக் கீறிப்புடுவேன்!"

கண்ணாயி துணியைச் சுற்றிக்கொண்டே சொன்னாள்: "அவுங்க தெனம் ஒருதரம் அமுக்கறாங்க. நீங்க காலையில, உச்சியில, பொழுதுசாயன்னு மூணுதரம் அமுக்கறீங்களே மாமா."

ராசப்பன் சிரித்த சிரிப்பு அடுத்த காட்டுக்குக் கேட்டது. சின்னராசு நடையைக் கட்டினார்.

மூன்று நாள் எவர் விரலும் படவில்லை. நான்காம் நாள் காலை அவர் வந்தபோது, மலையிறங்கச் சோறு கட்டி வைத்திருந்தாள் கண்ணாயி. துணியை அவிழ்த்தாள். வீக்கம் வற்றித் தோல் சுருங்கி, கட்டி இருந்த இடம் தட்டையாகிக் கிடந்தது. நம்ப முடியாமல் சின்னராசுவின் பெருவிரல் முன்னே நீண்டது. சட்டென்று இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டு, மூக்கு உரசும் அளவுக்குக் குனிந்து பார்த்தார்.

பிள்ளை அவர் மீசையைக் கொத்தாகப் பிடித்தது.

"ஏம்புள்ள கண்ணாயி, உன்ற மவன் கையைப் பிரிச்சு உடு!" என்றார், கண்ணில் நீர் தளும்ப. பின்னால் கோத்த கைகளை மட்டும் எடுக்கவில்லை.