விஜயராணியின் வலது கை

விஜயராணியை யார் நலம் விசாரித்தாலும் "பரவாயில்ல" என்பாள். காய்ச்சலில் கண் திறக்க முடியாமல் கிடந்தபோது எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு மஞ்சுளாவிடமும் அதையேதான் சொன்னாள். பாகூர்ப் பக்கத்தில் இது ஒன்றும் அதிசயமில்லை. கேட்டவர் மனம் சங்கடப்படக் கூடாது, நம் கஷ்டத்தை அடுத்தவர் தலையில் இறக்கக் கூடாது; அந்தச் சொல்லுக்கு அவ்வளவுதான் பொருள். உடம்பைப் பற்றி அது எதையும் சொல்வதில்லை. ஆனால் இதை யார் டாக்டர்களுக்குச் சொல்வது?

அவளுடைய அப்பா அம்மா ஊரார் வயலில் நடவும் கரும்பு வெட்டுமாகக் காலம் தள்ளியவர்கள். அந்தக் குடும்பத்தில் கம்பெனி வேலைக்குப் போன முதல் ஆள் விஜயராணிதான். வில்லியனூர்ப் பக்கம், தகரத்தை மெஷினில் அழுத்தி டப்பா மூடி செய்கிற கம்பெனி. தொழிலாளர் இன்சூரன்ஸ் கார்டு கைக்கு வந்த அன்று அவள் புருஷன் அருள்தாஸ் அதைத் தெருவெல்லாம் காட்டிவிட்டு வந்தான். அவன் பெயிண்டர். சாரத்திலிருந்து விழுந்தாலும் ஏன் என்று கேட்க அவனுக்கு நாதி கிடையாது.

போன மழைக்காலத்தில் அடுக்கியிருந்த தகரக் கட்டு சரிந்தது. இவள் பதறிப்போய்த் தாங்கப் பிடித்தாள். வலது உள்ளங்கையில் நரம்பு அறுந்தது. தையல் போட்டார்கள், காயமும் ஆறியது. விரல்கள் மட்டும் மடங்கவே இல்லை. சோறு பிசைய முடியாது, ஊக்கு மாட்ட முடியாது. உள்ளங்கையை எதன் மேலாவது ஊன்றினால் உயிர் போய் உயிர் வந்தது. அருள்தாஸ்தான் தினமும் கோணல்மாணலாகத் தலை பின்னிவிட்டான்.

நிரந்தர ஊனம் என்று இன்சூரன்ஸின் மருத்துவக் குழு எழுதினால் மாதாமாதம் உதவித்தொகை உண்டு. மெஷினை விட்டு வெளியே வந்துவிடலாம். எழுதாவிட்டால் அவள் குணமானவள். குணமானவள் பழைய மெஷினுக்கே திரும்ப வேண்டும், இல்லையென்றால் வேலை போகும்.

குழுவில் மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த டாக்டரம்மா கனிவாகக் கேட்டார்.

"கை எப்படிம்மா இருக்கு?"

"பரவாயில்ல மேடம்."

"வீட்டு வேலையெல்லாம் செய்யறீங்களா?"

"செஞ்சிகினுதான் இருக்கேன் மேடம்."

சோம்பேறி என்று நினைத்துவிடக் கூடாதே என்ற கவலை அவளுக்கு. இடது கையால் செய்கிறேன் என்று சொல்ல அந்த நேரம் பார்த்துத் தோன்றவில்லை. டாக்டரம்மா சிரித்துக்கொண்டே எழுதினார்: வலி குறைந்திருக்கிறது, அன்றாட வேலைகளைச் செய்கிறார், நிரந்தர ஊனம் இல்லை.

முடிவு தெரிந்த அன்று அருள்தாஸ் கேட்டான். "அங்க இன்னாடி சொன்ன நீ?"

சொன்னாள். அவன் நெற்றியில் அடித்துக்கொண்டான்.

"அடிப்பாவி! அவங்க என்னா நம்ம வூட்டுக்கு வந்த விருந்தாளியா? உன் கைய எடை போட்டுப் பாத்தாங்கடி!"

எண்ணெய் போட்டு நீவினால் விரல் மடங்கும் என்று யாரோ சொன்னதை நம்பிச் சில மாதங்கள் போயின. மடங்கவில்லை. பிறகுதான் வக்கீல் அரங்கநாதனைத் தேடிப் போனார்கள். அவர் கேஸ் போட்டார்.

கோர்ட்டில் நீதிபதி அவளைக் கிட்டே கூப்பிட்டுத் தன் பேனாவை நீட்டினார். "பிடிங்கம்மா."

நீட்டிக்கொண்டிருந்த விரல்களில் பட்டுப் பேனா கீழே விழுந்தது. கோர்ட்டே பார்த்தது. விஜயராணிக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. கடைசியில் ஒருவர் கண்ணால் பார்த்துவிட்டாரே!

நீதிபதி பெருமூச்சு விட்டார். "எனக்குத் தெரியுதும்மா. ஆனா ஊனம் இருக்கா இல்லையான்னு முடிவு பண்ற வேலையச் சட்டம் டாக்டர் குழுகிட்ட கொடுத்திருக்கு. அவங்க முடிவை வெச்சுத்தான் நான் தீர்ப்பு சொல்லணும். அவங்க இல்லைன்னு சொன்னப்புறம், இருக்குன்னு நான் சொல்ல முடியாது."

கீழே விழுந்த பேனாவை ஊழியர் எடுத்துக் கொடுத்தார். அதே பேனாவால் மனுவைத் தள்ளுபடி செய்து எழுதினார் நீதிபதி. சட்டத்துக்குக் கண் இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன!

வெளியே வந்ததும் விஜயராணி வக்கீலை விடவில்லை. "அந்தக் குழுவுக்கு மேல யாருமே இல்லீங்களா சார்?"

"இருந்தாங்கம்மா. அப்பீல் பண்ண ஒரு கெடு உண்டு. நீங்க எங்கிட்ட வர்றதுக்கு முன்னாலயே அது முடிஞ்சுபோச்சு. தாமதத்த மன்னிக்கச் சொல்லிக் கேட்டுப் பாத்தேன், மாட்டேன்னுட்டாங்க."

"அப்ப கம்பெனி மேல கேஸ் போடுங்க சார்."

"இன்சூரன்ஸ் இருக்கறவங்க முதலாளிகிட்ட நஷ்டஈடு கேக்க முடியாதும்மா. அந்த வழியையும் சட்டம் அடைச்சு வெச்சிருக்கு."

தவளக்குப்பத்தில் அடுத்த பஸ்ஸுக்கு நின்றபோது அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது. யார் மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. டாக்டரம்மா தங்கமானவர். நீதிபதி மரியாதையாகப் பேசினார். வக்கீலும் தன்னால் ஆனதைச் செய்தார். ஒருவராவது அதட்டியிருந்தால் திருப்பிக் கத்தியிருக்கலாம். நடுரோடு என்றும் பாராமல் அழுதாள்.

கேஸ் முடியும்வரை கம்பெனி கொடுத்திருந்த சம்பளமில்லாத லீவு தீர்ந்தது; திங்கட்கிழமை வேலைக்குப் போனாள். போகாமல் என்ன செய்வது?

அவளுடைய மெஷினில் இரண்டு பட்டன்கள், ஒன்றுக்கொன்று எட்டத்தில். இரண்டையும் இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். அச்சு இறங்கும்போது கை அடியில் இருக்கக் கூடாது என்பதற்காகவே அப்படி ஓர் ஏற்பாடு. விஜயராணி பல்லைக் கடித்துக்கொண்டு வலது உள்ளங்கையை ஊன்றினாள். கண்ணில் தண்ணீர் கொட்டியது. பட்டன் அசையவில்லை.

சூப்பர்வைசர் கண்ணையன் பார்த்துக்கொண்டே இருந்தார். இரக்கமுள்ள மனுஷன். மெஷினுக்குப் பின்னால் போய்ச் சாவியைத் திருப்பினார், அவள் காலடியில் ஒரு பெடலை இழுத்துப் போட்டார்.

"அழாத ராணி. பட்டனே வேணாம். இதுல மாத்திட்டேன். இடது கையால தகரத்த வையி, கால்ல மிதி. ஒரு கை போதும்மா உனக்கு."

"சரிண்ணே," என்றாள்.

இடது கையால் தகரத்தை எடுத்து அச்சுக்கு அடியில் நீட்டினாள். வலது காலைத் தூக்கிப் பெடலின் மேல் வைத்தாள். இடது கை இன்னும் அச்சுக்கு அடியிலேயே இருந்தது.