ரேஷியோ போட்ட ரத்தம்

போன வாரம் எங்கள் பனியன் கம்பெனிக்கு, சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர் சார்பில் ஆடிட் வந்தது. வந்தவர் தொழிலாளர் பதிவேட்டைப் புரட்டி, பிளட் குரூப் கட்டத்தில் விரலை வைத்தார்.

"என்ன மேடம், எங்க பார்த்தாலும் ஓ பாசிட்டிவ், பி பாசிட்டிவ்... சும்மா எழுதி வெச்சதா?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சும்மா எழுதி வைத்த பதிவேட்டை, இரண்டு வருஷம் முன்பு இதே மனிதர் பாராட்டிவிட்டுப் போனார்!

எழுதியது சாட்சாத் நான்தான். ஹெச்.ஆர். சீட்டில் இருப்பவள் வேறென்ன செய்வாள்? விடிந்தால் ஆடிட். ஐடி கார்டில் பிளட் குரூப் காலியாக இருக்கக் கூடாது. எல்லாருக்கும் ஒன்றையே போட்டால் மாட்டிக்கொள்வோம். அட்டைப்பெட்டியில் எஸ், எம், எல் என்று சைஸ் ரேஷியோ போட்டு பனியன் அடுக்குகிறோம் இல்லையா? ரத்தத்துக்கும் அப்படியொரு ரேஷியோ போட்டேன். ஆறு பேருக்கு ஓ நெகட்டிவ். எனக்கு மட்டும் ஸ்பெஷலாக ஏபி நெகட்டிவ்!

போன வருஷம் ஒரு காலை, கட்டிங் மாஸ்டர் சுடலைமுத்து ஓடி வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். மனைவிக்கு மறுநாள் சிசேரியன்.

"ஓ நெகட்டிவ் ஒரு யூனிட் இல்லாம தியேட்டருக்குள்ள கொண்டுபோக மாட்டோம்னுட்டாவ மேடம்" என்றவர், பதிவேட்டைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். "நம்ம கம்பெனியிலயே ஆறு பேரு இருக்காவளே!"

மறைக்க முடியுமா? சொல்லிவிட்டேன். அவர் திட்டவில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து அழுதார். அவ்வளவு கேவலமாக நான் என்றுமே உணர்ந்ததில்லை.

செக்‌ஷன் செக்‌ஷனாகப் போய் உண்மையைச் சொல்லி ஆள் கூப்பிட்டேன். பதினோரு பேர் வேனில் ஏறினார்கள். ரத்ததான முகாம் என்றாலே லீவு போடுகிற நான், ரத்த வங்கியில் முதல் ஆளாக விரலை நீட்டினேன். சாதாரண பி பாசிட்டிவ்! மற்றவர்களிலும் ஒருவர்கூட ஓ நெகட்டிவ் இல்லை.

வெளியே வந்தால், வேன் டிரைவர் கோவிந்தசாமி டீ குடித்துக்கொண்டிருந்தார். பக்கத்து ஊர் மங்கலத்துக்காரர். கான்ட்ராக்ட் வண்டி, அதனால் ஐடி கார்டு கிடையாது.

"எந்த குரூப்புங்க மேடம் தேடறீங்க?"

சொன்னேன்.

"அட, நம்முளுது அதுதானுங்களே! கேம்ப்புல மூணு தடவ குடுத்திருக்கறனுங்க."

"ஏங்க, இதை முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"யாருங்க கேட்டீங்க? கார்டு இருக்கறவங்களத்தானுங்களே ஏத்துனீங்க..."

அவர் உள்ளே போனார். என் பி பாசிட்டிவ் வேறு யாருக்காவது ஆகட்டும் என்று பக்கத்துக் கட்டிலில் நானும் படுத்தேன். ஊசியா? எறும்புக்கடிதான். இதற்கா இத்தனை வருஷம் லீவை வீணாக்கினேன்!

மறுநாள் சுடலைமுத்துவுக்குப் பெண் குழந்தை. தாயும் நலம். அந்த மாதமே கம்பெனி மொத்தத்துக்கும் டெஸ்ட் எடுத்து, கார்டுகளை மாற்றினேன். நானும் இப்போது ரெகுலர் டோனர்.

"அத்தனையும் குத்திப் பார்த்து எழுதினது சார்" என்றேன் ஆடிட்டரிடம். அவர் முகத்தில் நம்பிக்கை இல்லை.

"சரி, உங்க குரூப் என்ன சார்?"

மனிதர் கழுத்தில் தொங்கிய கார்டைத் திருப்பிப் பார்த்துச் சொன்னார்: "ஏபி நெகட்டிவ்."

கையோடு அவரைக் கோவிந்தசாமி வேனில் ரத்த வங்கிக்கு ஏற்றிவிட்டேன்.