மிஷின் பாயிண்டில் நிற்கிறது

காலையிலிருந்து பக்கத்துக் காலி மனையில் போர்வெல் போடுகிறார்கள். நான் சேலத்தில் இந்தக் குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து அந்த மனையில் எருக்கஞ்செடியும் யாருடையதென்று தெரியாத இரண்டு ஆடுகளும்தான் இருந்தன. இன்று துளை போடும் ரிக் லாரி வந்து நின்றதும் ஜன்னல் கம்பியெல்லாம் அதிர்கிறது. வீடு முழுக்கக் கல் மாவு. ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்து போனவள் சாத்தாமல் நின்றுவிட்டேன். கீழே வண்டிக்காரர் ஒருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு போனில் கத்திக்கொண்டிருந்தார்: "இப்ப வரமுடியாதுங்க. மிஷினு பாயிண்ட்ல நிக்குதுங்க!"

அந்தப் பேச்சைக் கேட்டு எவ்வளவோ காலமாயிற்று. டீசலும் நனைந்த பாறையும் கலந்த இந்த வாசனையோடு எனக்கு மட்டும் சாக்பீஸ் வாசனையும் சேர்ந்து வரும். ஏன் என்று சொல்கிறேன். கொஞ்சம் சுற்றி வளைத்துத்தான் சொல்ல வரும் எனக்கு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா திருச்செங்கோட்டில் ரிக் வண்டி வைத்திருந்தார். வண்டி பாதி வருடம் ராஜஸ்தானிலோ ஒரிசாவிலோ இருக்கும். மழை பிடித்தால் செட்டுக்கு, எங்கள் தகரக் கொட்டகைக்கு, திரும்பும். இந்தத் தொழிலில் ஒரு முறை உண்டு. பாயிண்டில், அதாவது தண்ணீர் பார்த்துக் குறித்துக் கொடுத்த இடத்தில், துளை போட ஆரம்பித்துவிட்டால் வண்டியைப் பாதியில் எடுக்க மாட்டார்கள். கல்யாணமோ காரியமோ, மிஷின் பாயிண்டில் நிற்கிறது என்று சொல்லிவிட்டால் அதற்கு மேல் யாரும் வற்புறுத்தக் கூடாது. சித்தி கல்யாணத்துக்கு அப்பா வராததற்கு அதுதான் காரணம். சித்தி இன்றுவரை அதை மட்டும் குறை சொன்னதில்லை. வேறு நூறு குறை சொல்வாள்.

அப்படிப்பட்ட வீட்டில் பிறந்து நான் கோட்பாட்டு வானியற்பியல் படித்தேன். பெயர்தான் பெரிது. தொலைநோக்கிப் பக்கமே போகாத பிழைப்பு. விண்மீனுக்குள்ளே என்ன நடக்கிறது என்று கணக்குப் போட்டே கண்டுபிடிக்கிற வேலை. ஒன்பது மணிக்கெல்லாம் தூங்கிவிடுகிற எனக்கு அதுதான் ஒத்துவந்தது.

அப்பாவுக்கு அது பிடிபடவே இல்லை. "ஏஞ்சாமி, பெரிய கண்ணாடி ஏதாச்சும் வாங்கோணுமா?"

"வேண்டாங்கப்பா. கணக்குத்தான்."

"அப்ப எதயப் பாத்துத்தான் படிக்கிற?"

"செவுத்தப் பாத்துத்தாங்க."

அவர் சிரிக்கவில்லை. மறுநாள் செட்டின் பின்சுவரில் லாரிச் சட்டத்துக்கு அடித்து மிஞ்சிய கருப்புப் பெயிண்டை அடிக்கச் சொல்லிவிட்டார். வழவழவென்று மின்னியது, சாக்பீஸ் பிடிக்கவே இல்லை. எங்கள் வண்டியின் டிரில்லர் ஆறுமுகண்ணன்தான் உப்புத்தாள் போட்டு ஒரு நாள் முழுக்கத் தேய்த்துக் கொடுத்தார். அதற்குப் பிறகு எத்தனையோ ஊர்களில் எத்தனையோ கரும்பலகைகளில் எழுதிவிட்டேன். அந்தச் சுவர் மாதிரி எதுவும் கைக்கு இதமாக இருந்ததில்லை.

அது நான் முதுகலை முடித்திருந்த வருடம். சென்னையில் ஒரு பேராசிரியர், எரிந்து முடிந்த விண்மீன் எப்படி ஆறுகிறது என்று ஒரு கணக்கைக் கொடுத்து, முடித்துக்கொண்டு வந்தால் ஆராய்ச்சிக்குச் சேர்த்துக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். அடுப்பை அணைத்த பிறகும் தோசைக்கல் வெகுநேரம் சுடுமே, அது போலத்தான். ஆனால் இந்தக் கல் ஆறுவதற்கு யுகங்கள் ஆகும். மத்தியான வெயில் தகரக் கூரையில் இறங்கும். வெளியே மலை கானலில் கரைந்து மிதக்கும். கிரீஸ் நாற்றத்துக்கு நடுவே நான் ஒரு விண்மீனை ஆறவைத்துக்கொண்டிருப்பேன். சில நாள் சாப்பிடக் கூப்பிடுகிற குரல் எந்த உலகத்திலிருந்து வருகிறதென்றே தெரியாது. அவ்வளவு சந்தோஷமாக நான் பிறகு எப்போதும் வேலை பார்த்ததில்லை.

இன்னொரு பக்கம் நாமகிரிப்பேட்டையில் மஞ்சள் மண்டி வைத்திருந்த குடும்பத்திலிருந்து என்னைப் பெண் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "ஆயுத பூசை வரைக்கும் பாரு சாமி. அதுக்குள்ள முடியலீன்னா அவீகள வரச் சொல்லிருவன்" என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பூஜைக்கு மறுநாள் அவர்கள் பூ வைத்து நிச்சயம் செய்ய வருவதாகப் பேச்சு.

பூஜைக்கு முந்தின நாள் கணக்கு முடிகிற மாதிரி இருந்தது. அரை மணி நேரம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்தால் சுவர் பளபளவென்று நின்றது. ஆறுமுகண்ணன் கம்ப்ரசர், ஹேமர், லாரி எல்லாவற்றுக்கும் வாட்டர் சர்வீஸ் செய்துவிட்டு, வருடத்துக்கு ஒருநாள்தானே என்று பின்சுவருக்கும் குழாயைத் திருப்பியிருக்கிறார். தாளில் எழுதி வைக்கவில்லையா என்று கேட்பீர்கள். ஆரம்பத்தில் எழுதினேன். பிறகு சோம்பல், சுவர் எங்கே ஓடிவிடப் போகிறது!

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். "பூசைக்குச் சுத்தமா இருக்கட்டுமேன்னுதானுங்க..." என்று ஆறுமுகண்ணன் குழாயைக் கையில் வைத்துக்கொண்டு விக்கித்து நின்றார். அப்பா வந்தார். என்னைப் பார்த்தார், ஈரச் சுவரைப் பார்த்தார்.

"அத்தனையும் போச்சா?"

"போச்சுங்கப்பா."

"மறுக்கா எழுத முடியுமா?"

"முடியுங்க. எத்தன நாளாகும்னு தெரியலீங்க."

அப்பா செட்டு மேசையில் இருந்த போனை எடுத்து நாமகிரிப்பேட்டைக்குப் போட்டார்.

"கோவிச்சுக்காதீங்க. நாளன்னிக்கு வரவேண்டாங்க. மிஷினு பாயிண்ட்ல நிக்குதுங்க."

மழைக்காலத்தில் எந்த ரிக் பாயிண்டில் நிற்கும்? அந்தப் பக்கம் அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். அப்பா கொஞ்சம் தடுமாறிவிட்டுச் சொன்னார்: "எம்பட மிஷினு செட்லதான் நிக்குதுங்க. இது புள்ளையோட மிஷினுங்க. பாதிக் குழில எடுக்க முடியாதுங்க."

மறுநாள் பூஜையில் சந்தனக் கிண்ணத்தோடு ஒவ்வொரு மிஷினுக்கும் பொட்டு வைத்துக்கொண்டு வந்த அப்பா, ஒன்றுமே எழுதாத அந்தச் சுவருக்கும் மூன்று இடத்தில் சந்தனம் தொட்டுக் குங்குமம் வைத்தார். பொட்டுகளை அழிக்காமல் சுற்றிச் சுற்றி எழுதித்தான் கணக்கை முடித்தேன். சென்னைக்குப் போனேன். அதற்குப் பிறகு நான் போன குளிர் தேசங்கள், வாங்கிய பட்டங்கள், திரும்பி வந்து நடத்திய வகுப்புகள் எல்லாம் அந்த ஒரு போனில் கிளம்பியவைதான்.

செட்டு இருந்த இடத்தில் இப்போது ஒரு பேக்கரி. சுவரும் இல்லை, ஆறுமுகண்ணனும் இல்லை. அப்பா போய்ச் சேர்ந்து வருடங்கள் ஆகிவிட்டன. நான் இன்னும் ஏதாவது ஒரு கணக்கின் பாதிக் குழியில்தான் நிற்கிறேன். அந்த நேரம் பார்த்துத்தான் யாராவது கூட்டத்துக்கோ விசேஷத்துக்கோ கூப்பிடுவார்கள். மறுக்க வாய் வராமல் கிளம்பிப் போய்விடுகிறேன். எனக்காகப் போனை எடுத்து, மிஷினு பாயிண்ட்ல நிக்குதுங்க என்று சொல்ல இப்போது யாரும் இல்லை.